“இது வெயிலில் நின்ற பொம்மையா?” என்று கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

சின்னவள் அம்மா எழுதியது:

மகளுக்கு நாலேகால் வயது. என்னைப் போலவே நல்ல கருப்பு, சுருட்டை முடி. அவளிடம் 11 பொம்மைகள் இருக்கின்றன. எல்லாம் யார் யாரோ அன்போடு கொடுத்தவை, ஒன்றுகூட நானாகப் பார்த்து வாங்கியதில்லை. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது எல்லாவற்றையும் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தேன். 10 பொம்மைகள் வெள்ளை. அதில் 7 பேருக்கு மஞ்சள் முடி. பழுப்பு நிறத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் இன்னொரு பொம்மைக்குத் தோழியாக ஒரே பெட்டியில் வந்தது.

அந்தப் பழுப்புப் பொம்மையை அவள் எடுத்து விளையாடி நான் பார்த்ததே இல்லை. சரி, கொடுத்துத்தான் பார்ப்போமே என்று கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இது ரொம்ப நேரம் வெயில்ல நின்னுச்சாம்மா?” என்றாள். பொம்மையின் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் விரல்களும் அந்தப் பொம்மையும் அச்சு அசல் ஒரே நிறம். எனக்குப் பேச்சே வரவில்லை.

மாலையில் டீச்சர் விளையாட்டு நடந்தது. மஞ்சள் முடிக்காரி டீச்சர், மற்றவர்கள் பிள்ளைகள். பழுப்புப் பொம்மை கதவோரம் கிடந்தது. “அது ஏன் வகுப்புக்கு வரலை?” என்று கேட்டேன். “அது வெளியதான் நிக்கும்” என்றாள். கோபமோ வெறுப்போ இல்லாமல், தண்ணீர் குளிரும் என்பது போலச் சொன்னாள். அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது.

இரண்டு கேள்விகள். அவளிடம் இதை எப்படிப் பேசுவது? இன்னொன்று, வேறு பழுப்புப் பொம்மைகள் வாங்கலாம் என்று தேடினால், முகம் எல்லாவற்றிலும் அதே முகமாகத் தெரிகிறது. அதே ஊசி மூக்கு, அதே வழவழ முடி. இது என் கண்ணுக்கு மட்டும்தானா?

—

பொம்மை வைத்தியர்:

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது அம்மா. பழைய பொம்மைகளைச் சரிசெய்வதுதான் 20 வருடங்களாக என் வேலை. கை கழன்றது, முடி கொட்டியது எல்லாம் என்னிடம்தான் வரும்.

பொம்மையின் தலை உலோக அச்சில் வார்க்கப்படுவது. வினைல் என்ற பிளாஸ்டிக்கைத் திரவமாக அச்சில் ஊற்றிச் சூடாக்கி, இறுகியதும் வெளியே உருவி எடுப்பார்கள். செலவெல்லாம் முகத்தைச் செதுக்கி அச்சு செய்வதில் இருக்கிறது. நிறம் என்பது வினைலில் கலக்கும் சாயம்தான். அதனால் இருக்கிற அச்சிலேயே பழுப்புச் சாயம் கலந்து ஊற்றிவிட்டால் “புதுப் பொம்மை” தயார். 1967இல், பார்பி பொம்மையைச் செய்யும் மேட்டல் நிறுவனம் பிரான்சி என்ற பொம்மையின் கருப்பு வடிவத்தை இப்படித்தான் கொண்டுவந்தது. வெள்ளைப் பிரான்சியின் அதே தலை அச்சு, நிறம் மட்டும் வேறு. அடுத்த வருடம் பார்பியின் தோழியாகக் கிறிஸ்டி வந்தாள். பார்பி வந்தது 1959இல். ஒரு கருப்புப் பொம்மை தோழியாக இல்லாமல் “பார்பி” என்ற பெயரையே சூட்டிக்கொள்ள 1980 வரை ஆயிற்று. அதை வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கருப்பினப் பெண். சிவப்பு உடை, குட்டையான சுருள் முடி. 21 வருடம் என்பது ஒரு பெண் பொம்மை விளையாடி முடித்து, தன் பிள்ளைக்குப் பொம்மை தேடும் காலம்.

வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அங்கிருந்த கருப்பின மக்களே 1968இல் ஷிண்டானா என்ற பொம்மை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் பொம்மை பேபி நான்சி. கருப்பினக் குழந்தையின் மூக்கையும் உதட்டையும் பார்த்துச் செதுக்கிய முகம். 1983இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது, ஆனால் 2020இல் பேபி நான்சி அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றாள். எனக்கு அந்தப் பொம்மை மேல் தனிப் பாசம்.

வாங்கும்போது பழுப்புப் பொம்மையையும் அதே வரிசை வெள்ளைப் பொம்மையையும் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். நெற்றி, மூக்கு, தாடை மூன்றின் வளைவும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் சாயம் மாற்றியது. இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2016இல் பார்பியின் ஒரு வரிசையிலேயே 7 தோல் நிறம், 24 சிகை அலங்காரம் என்று கொண்டுவந்தார்கள். தேடினால் கிடைக்கும், ஆனால் முன்வரிசையில் இருக்காது, குனிந்து தேட வேண்டும்.

வீட்டில் இருப்பதன் முடியைச் சுருட்டையாக்கலாம். சிறு சிறு கற்றையாகப் பிரித்து, வெட்டிய ஸ்ட்ராவில் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுங்கள். சுற்றிய முடியை மட்டும் கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, அப்புறம் குளிர்நீர். கழுத்து வழியாக உள்ளே நீர் போனால் பூஞ்சை பிடிக்கும், அதில் கவனம். ராத்திரி முழுக்கக் காயட்டும். நைலான் முடி என்றால் நன்றாகப் பிடிக்கும். சூடான வேலை எல்லாம் உங்கள் கையால், குழந்தை தள்ளி நின்று பார்க்கட்டும்.

—

இரட்டையர் அப்பா:

வருத்தப்படாதீர்கள் சகோதரி, ஆனால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது. குழந்தைகள் நிறம் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்கிறோம். என் பையன்கள் பச்சை டைனோசரைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்கள். நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடாதா?

—

மழலை டீச்சர்:

அப்படித்தான் நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினேன் சார். பிள்ளைகள் மூன்று வயதிலேயே பார்க்கிறார்கள். கேட்காததால் நமக்குத் தெரிவதில்லை.

மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கணவன் மனைவி, இருவரும் கருப்பின உளவியலாளர்கள், இதைக் கேட்டுப் பார்த்தார்கள். 3 முதல் 7 வயது வரை 253 கருப்பினக் குழந்தைகள். முன்னால் நிறம் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகள். எதோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது, கடைசியாக எது உன்னைப் போல இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாடக் கேட்டது வெள்ளைப் பொம்மையை. கடைசிக் கேள்வி வந்தபோது அழுதுகொண்டே அறையை விட்டு ஓடிய குழந்தைகளும் இருந்தார்கள். 1947இல் வெளிவந்த கட்டுரை அது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது. அந்தக் கேள்விகளின் வரிசையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. “இதுதான் மோசம்” என்று காட்டிய கையாலேயே அடுத்து “இதுதான் நான்” என்று காட்ட வேண்டும்.

டைனோசர் “நான் மனுஷி” என்று சொல்வதில்லை சார். பொம்மை சொல்கிறது. அழகான மனுஷி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று தினமும் சொல்கிறது.

தோழி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். “வெயிலில் நின்றதா” என்பது பொம்மை கற்றுக்கொடுத்த வாக்கியம் இல்லை. வீட்டில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். யார் என்று யோசித்துப் பாருங்கள்.

பொம்மையைக் காட்டி “பார், உன்னை மாதிரியே இருக்கு” என்று வற்புறுத்தவும் வேண்டாம். வெளியே நிற்பவளோடு ஒப்பிட்டால் அவளுக்கு வலிக்கத்தான் செய்யும். நான் வகுப்பில் செய்வது இதுதான்: நானும் தரையில் உட்கார்ந்து விளையாட்டுக்குள் போய்விடுவேன். பழுப்புப் பொம்மைக்கு ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு பிரச்சினை கொடுப்பேன். பிரச்சினை முக்கியம். பல் வலிக்கிற பொம்மையை யாரும் வெளியே விட மாட்டார்கள். இன்னொன்று, வெள்ளையாக இருக்கிற பிள்ளைகளின் பெட்டியிலும் இந்தப் பொம்மைகள் இருக்க வேண்டும். கருப்புப் பொம்மை கருப்புப் பிள்ளைக்கு மட்டும் என்றால் அது மறுபடியும் கதவோரம்தான்.

—

இரட்டையர் அப்பா:

டைனோசர் பற்றிச் சொன்னது சரிதான் டீச்சர், நான் அப்படி யோசிக்கவில்லை. இன்று பையன்களிடம் இருக்கும் மனித பொம்மைகளை எண்ணினேன். தீயணைப்பு வீரர், ஓட்டுநர், விண்வெளி வீரர் என்று 6. ஆறும் வெள்ளை.

—

சின்னவள் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நாலு நாள் ஆனதற்குக் காரணம் டீச்சரின் அந்தக் கேள்விதான். யார் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. “வெயில்ல ஆடாதே, கருத்துடுவே” என்று தினமும் சொல்வது நான். என் அம்மா என்னிடம் சொன்னது, நான் இவளிடம் சொல்கிறேன். வெளியே போகும்போது கன்னத்தில் கூடக் கொஞ்சம் பவுடர் அப்பிவிடுவதும் நான்தான். நிறுத்திவிட்டேன். இப்போது “வெயில் சுடும், தொப்பி போட்டுக்கோ” என்கிறேன். வாய் பழைய பழக்கத்தில் போகிறது, பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

அவளிடமும் சொன்னேன். “அது வெயில்ல நிக்கலை. பிறக்கும்போதே அந்த நிறம். அம்மாவும் அப்படித்தான்.” என் கையை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொம்மைக்கு முடி சுருட்டினோம். வைத்தியர் ஐயா சொன்னபடியே, 14 துண்டு ஸ்ட்ரா. அவள் நாற்காலியில் நின்று எண்ணினாள். காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் ஓடி வந்தாள். ஒவ்வொன்றாக அவிழ்க்க அவிழ்க்க, ஒரு சுருளை இழுத்துவிட்டுப் பார்த்தாள், அது துள்ளி மேலே போனது. உடனே தன் காதோர முடியை இழுத்துவிட்டாள். இப்படி மாறி மாறி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

டீச்சர் இன்னமும் மஞ்சள் முடிக்காரிதான். பழுப்புப் பொம்மைக்குப் பல் வலி, அதனால் வகுப்புக்குள்ளே டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். நேற்று அதற்கு ஜடை பின்னச் சொன்னாள். சுருள் கலைந்துவிடும் என்றேன். “எனக்கு மட்டும் பின்றீங்க?” என்று கேட்டாள். பின்னிவிட்டேன். அவிழ்த்ததும் சுருள் திரும்ப வருமா, இல்லை மறுபடி ஸ்ட்ராவில் சுற்ற வேண்டுமா?