விளையாட்டு பீரியடில் இயற்பியல் எதற்கு?

சோழவந்தான் வாத்தியார்:
பதினொன்றாம் வகுப்புக்கு எறிபொருள் இயக்கம் (எறிந்த பொருள் காற்றில் போகும் விதம்) நடத்திக்கொண்டிருந்தேன். 45 டிகிரியில் கிளம்பினால்தான் அதிக தூரம் போகும் என்று கரும்பலகையில் எழுதியதும், நீளம் தாண்டும் பையன் ஒருவன் எழுந்து, "சார், அப்படித் தாண்டினால் மணலே எட்டாது" என்றான். சரியான கேள்வி. நல்ல தாண்டல்களில் எழும்பும் கோணம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தாண்டுவதற்குக் கால் ஊன்றும் பலகையில் கால் படுவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். அதற்குள் ஓடி வந்த வேகத்துக்குச் சமமாக மேல்நோக்கியும் வேகம் எடுக்க எந்தக் காலாலும் முடியாது. 45-க்கு முயன்றால் ஓட்ட வேகத்தைத்தான் பலி கொடுக்க வேண்டும். குண்டு எறிதலிலும் நல்ல வீரர்கள் பெரும்பாலும் 40-க்குக் கீழேதான் விடுகிறார்கள்.

வாரம் ஒரு விளையாட்டு பீரியடை இப்படி மைதானத்தில் பாடமாக நடத்தலாம் என்பது என் யோசனை. என்ன சொல்கிறீர்கள்?

மேலூர் பி.இ.டி.:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருப்பதே வாரத்துக்கு இரண்டு பீரியட். போர்ஷன் முடியவில்லை என்று மேத்ஸ் சார் ஒன்றை வாங்கிக்கொள்வார். அரையாண்டுத் தேர்வு வந்தால் இரண்டும் போச்சு. இப்போது நீங்களுமா?

இன்னொன்று. தாண்டப் போகிறவனிடம் முழங்கால், கோணம் என்று பேசினால் அவனுக்கு ஓட்டமே தடுமாறும். "மணலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேப்பமரத்தைப் பார்த்துக் கிளம்புடா" என்றால் தானாக எழும்புவான். உடம்பின் மேல் கவனம் வைப்பதைவிட வெளியே ஒரு குறி வைப்பது நல்லது என்று விளையாட்டு அறிவியலே சொல்கிறது. நம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர்தானே. டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போகவில்லையா?

சோழவந்தான் வாத்தியார்:
போனார். வெறுங்காலில் ஓடியவரைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்க ஒருவர் இருந்தார், அதனால் போனார். எந்த நாள் எவ்வளவு ஓடுவது, எப்போது ஓய்வு என்பதெல்லாம் அறிவியல் இல்லாமல் என்ன சார்? அப்புறம், நான் சாம்பியனை உருவாக்க வரவில்லை. மீதி நாற்பது பேருக்கு இயக்க விதி புரிய வேண்டும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது பற்றி இருக்கிறது. பந்தைத் தொடாமலே அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

திருமங்கலம் அம்மா:
என் மகள் 100 மீட்டர் ஓடுகிறாள். வீட்டுக்காரர் எடுத்தால் ஒரு நேரம், பள்ளியில் எடுத்தால் வேறு நேரம். இதற்கு உங்கள் அறிவியலில் பதில் உண்டா சார்?

சோழவந்தான் வாத்தியார்:
உண்டும்மா. அவர் முடிவுக்கோட்டில் நின்று விசில் சத்தம் கேட்டபின் அழுத்துகிறார், இல்லையா? சத்தம் 100 மீட்டர் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அந்த அளவுக்கு நேரம் குறைத்துக் காட்டும்.

மேலூர் பி.இ.டி.:
அதனால்தான் கைக்குட்டையை இறக்கச் சொல்லி, கண்ணால் பார்த்து அழுத்துகிறோம். என் வாத்தியார் காலத்துப் பழக்கம் அது. ஃபார்முலா போட்டுக் கண்டுபிடித்ததில்லை.

சோழவந்தான் வாத்தியார்:
அதையேதான் சார் கேட்கிறேன்! நீங்கள் கைக்குட்டையை இறக்குங்கள், ஏன் இறக்குகிறோம் என்பதை நான் சொல்கிறேன்.

ரேஸ்கோர்ஸ் காலை நடை:
மதுரை வெயிலில் மதியம் இரண்டு மணி பீரியடுக்கு மைதானத்தில் நின்று ஃபார்முலா கேட்கப் போகும் பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா? வியர்வை ஆவியாவது பற்றி வேண்டுமானால் தனிப் பாடமே நடத்தலாம்.

மேலூர் பி.இ.டி.:
முடிவாகச் சொல்கிறேன். உங்கள் இயற்பியல் பீரியடை மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள், காலை முதல் பீரியடாக இருந்தால் நல்லது. மணல் கிண்டி வைக்கிறேன், பையன்களைத் தாண்டச் சொல்கிறேன். என் பீரியடைக் கேட்காதீர்கள்.

சோழவந்தான் வாத்தியார்:
எங்கள் பள்ளியிலும் இதைக் கேட்டுப் பார்க்கிறேன். தலைமையாசிரியர், "வகுப்பு காலியாக இருந்தால் ஆய்வுக்கு வருபவர் என்ன நினைப்பார்?" என்பார். அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள் சார்.

மேலூர் பி.இ.டி.:
செய்முறை வகுப்பு என்று எழுதி வையுங்கள். டேப் மட்டும் நல்லதாகக் கொண்டுபோங்கள். எங்கள் பள்ளி டேப்பில் முதல் 2 மீட்டர் அறுந்து கிடக்கிறது, கழித்துத்தான் எழுதுகிறோம்.