லாக்டவுன் டிரில் (அமெரிக்கப் பள்ளிகளில், துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிவது என்று பிள்ளைகளுக்குத் தரும் பயிற்சி) அனுபவங்கள்: உங்கள் வீட்டில் எப்படி?

நித்யா (டெக்சாஸ்): போன ஞாயிறு கோயிலில் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. பாத்ரூம் போன மகள் (கிண்டர்கார்டன்) வெகுநேரம் வரவில்லை. கதவைத் தள்ளினால் கமோட் மேல் இரண்டு காலையும் வைத்துக் குந்தியிருக்கிறாள், பட்டுப்பாவாடையைச் சுருட்டி மடியில் அமுக்கிக்கொண்டு. நம்ம ஊர்ப் பழக்கம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சிரிப்புதான் வந்தது. "உஷ்... கால் கீழே தெரியக்கூடாதும்மா" என்றாள். வெளியே யாரோ சிதறுதேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திக் (மிச்சிகன்): எங்கள் கதை வேறு. பையனை முதல் தடவை நண்பன் வீட்டுக்கு விளையாட (ப்ளேடேட்) அனுப்பும்போது, அவனுக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொன்ன கையோடு "வீட்டில் துப்பாக்கி இருக்கா?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள். எனக்கு மானமே போச்சு. அந்த அம்மா கோபிக்கவில்லை. "நாலு இருக்கு" என்று பெட்டகத்தைக் கூட்டிப்போய்க் காட்டினார், கதவில் பிள்ளைகளின் பள்ளி போட்டோ காந்தத்தில் ஒட்டியிருந்தது. 2021-ல் இங்கே மிச்சிகன் ஆக்ஸ்ஃபர்டு பள்ளியில் 4 பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற 15 வயதுப் பையன் கையில் இருந்தது அப்பா வாங்கிய துப்பாக்கிதானே. 2024-ல் அப்பா, அம்மா இருவருக்குமே 10 முதல் 15 வருஷம் சிறை. நான் இப்போது கூச்சப்படுவதில்லை, நானே கேட்கிறேன்.

செல்வம்: கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) கடை நடத்துகிறேன், இரண்டு தடவை கொள்ளை. இரண்டாம் தடவை 911 அடித்துவிட்டு போலீஸ் வரும்வரை வாக்-இன் கூலருக்குள் (குளிர்பதன அறை) பீர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே விறைத்து நின்றேன். மறுவாரமே துப்பாக்கி வாங்கினேன். 2022-ல் டெக்சாஸ் யுவால்டி பள்ளியில் ஒருவன் சுட்டபோது போலீஸ் 77 நிமிஷம் வராண்டாவில் நின்றதே, அவர்களை நம்பியா நான் கடை திறப்பது? துப்பாக்கி வேண்டாம் வேண்டாம் என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ரவி: செல்வம் அண்ணே, அந்த வராண்டாவில் நின்றவர்கள் எல்லோரிடமும் துப்பாக்கி இருந்ததே! வந்து சேர்ந்தது மொத்தம் 376 பேர். உள்ளே 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள் செத்துப்போய்விட்டார்கள். சுட்டவனுக்கு 18 முடிந்து சில நாள்தான், ரைஃபிளைச் சட்டப்படி கடையிலேயே வாங்கியிருக்கிறான். அன்றைக்கு அதே கடையில் கைத்துப்பாக்கி கேட்டிருந்தால் 21 வயசு ஆகட்டும் என்றிருப்பார்கள், இது என்ன கணக்கோ. ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுடப்பட்டுச் செத்த பிறகு 2018-ல் அந்த மாநிலம் இரண்டுக்குமே 21 என்று மாற்றியது, கையெழுத்துப் போட்டது குடியரசுக் கட்சி ஆளுநர்தான். என் அனுபவம் என்றால், இடுப்பில் துப்பாக்கியோடு எனக்கு முன்னால் பால் வாங்கியவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்புறம் நித்யா, டிரில் எந்தத் தேதி என்று பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கள், பள்ளியின் மனநல ஆலோசகருக்கு மெயில் போடுங்கள், அன்றைக்கு ராத்திரி குழந்தையிடம் நீங்களாகப் பேச்செடுக்காமல் அவள் சொல்வதைக் கேளுங்கள், செய்தி ஓடும்போது டிவியை அணைத்துவிடுங்கள். செல்வம் அண்ணே, நீங்களும் தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள், சாவியை அலமாரி மேல் வைப்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

செல்வம்: பூட்டித்தான் வைத்திருக்கிறேன் தம்பி. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

நித்யா: ரவி, மெயில் எல்லாம் போட்டாச்சு. நேற்று அவள் இரண்டரை வயசுத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கமோட் எட்டவில்லை என்று, கீழே ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.