விளையாட்டுகளில் குதிரையைப் பழக்கப் போய் விழுந்தவர்கள் இங்கே வாருங்கள்

வடசேரி மாமா:
இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. ஆனியிலும் ஐப்பசியிலும் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைப்பது பெரும்பாடு. அப்படி ஓர் ஐப்பசி மாலையில் என் அக்கா மகன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, இந்தக் குதிரை என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது!"

மைன்கிராஃப்ட். அந்த விளையாட்டுக்குள் குதிரைகள் வந்தது 2013-இல்; என் கைக்கு வந்தது அன்றுதான். வெறுங்கையோடு ஏறினேன், துள்ளி உதறியது. மறுபடி ஏறினேன், மறுபடி உதறல். ஐந்தாவது தடவை "இது முரட்டுக் குதிரை" என்று முடிவு கட்டி அடுத்த குதிரைக்குப் போனேன். அதனிடமும் ஐந்து விழுகை. அரை மணி நேரத்தில் ஏழு குதிரைகளிடம் விழுந்து எழுந்து, ஒன்றும் படியவில்லை. பத்தடி தோண்டிவிட்டுத் தண்ணீர் இல்லையென்று அடுத்த இடத்தில் கிணறு வெட்டப் போனவன் கதைதான்.

பிறகுதான் கணக்கு புரிந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் 100 வரை போகும் ஓர் இணக்க அளவு உள்ளே ஓடுகிறது. நாம் ஏறி விழும் ஒவ்வொரு முறையும் அதில் 5 கூடுகிறது. சர்க்கரை, கோதுமை, ஆப்பிள் கொடுத்தால் 3. தங்கக் கேரட் கொடுத்தால் 5, தங்க ஆப்பிளுக்கு 10. அளவு கூடக் கூட, அடுத்த ஏற்றத்தில் அது படிவதற்கான வாய்ப்பும் கூடும். நான் 25 வரை ஏற்றிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன், அதுவும் ஏழு இடத்தில்! எட்டாவது குதிரையை விடவில்லை. படிந்துவிட்டது என்று காட்டத் திரையில் இதயங்கள் பறந்தன. பையன் கட்டிலில் ஏறிக் குதித்தான்.

குதித்த கையோடு அடுத்த சிக்கல். படிந்த குதிரை எங்களை முதுகில் வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு மேய்ந்தது. சேணம் இல்லாமல் அதைத் திருப்ப முடியாதாம். இதை எவரும் முதலில் சொல்வதில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். எந்த விளையாட்டானாலும் சரி.

குளச்சல் தூண்டில்:
மாமா, சேணத்துக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2025 வரை அந்த விளையாட்டில் சேணத்தை நாமே செய்ய வழியில்லை. புதையல் பெட்டிகளில் தேட வேண்டும், இல்லையென்றால் தூண்டில் போட வேண்டும். ஆமாம், குளத்தில் தூண்டில் போட்டால் அபூர்வமாகச் சேணம் மாட்டும். மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் வீடு எங்களுடையது. நான் இரண்டு நாளாகச் செல்போனில் மீன்பிடிப்பதைப் பார்த்து அப்பா, "என்னலே கிடைத்தது?" என்றார். "சேணம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கிடைத்த சேணத்தைப் போட்டுவிட்டுக் குதிரையை வேலியில்லாமல் வெளியே நிறுத்தியது என் அடுத்த மடத்தனம். மறுநாள் குதிரையையும் காணவில்லை, சேணத்தையும் காணவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் குதிரையைத் தேடுவதற்கு முன்பு நான்கு பக்கமும் வேலி அடித்து வையுங்கள்.

தக்கலை சேணக்காரன்:
நான் 2017-இல் வந்த ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் என்ற விளையாட்டின் ஆள். அதில் காட்டுக்குதிரையைப் பின்பக்கமாகக் குனிந்து பதுங்கிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். ஓடிப் போனால் அது நமக்கு முன்னால் ஓடிவிடும். ஏறியதும் துள்ளும், நம் தெம்பைக் காட்டும் வட்டம் மளமளவென்று கரையும், அது தீர்வதற்குள் கைக்கருவியின் எல் (L) பொத்தானை விடாமல் தட்டிக் குதிரையை ஆற்ற வேண்டும்.

நான் தவறியது அதற்குப் பிறகு. படிந்துவிட்டது என்று நம்பிப் பாய்ச்சலில் விட்டேன். அது பாதையை விட்டுச் சாய்ந்து சாய்ந்து போனது. கோபத்தில் திரும்பத் திரும்ப வேகப்படுத்தினேன். செய்ய வேண்டியது வேறு: சாயும்போது நேராக இழுத்து, அது கேட்டு நேரானவுடன் எல் பொத்தானால் கழுத்தில் ஒரு தட்டு. நேரம் முக்கியம். முரண்டு பிடிக்கும்போதே தட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. நான்கைந்து மைல் இப்படிப் போன பிறகு கைக்கருவியின் திருப்புகுச்சியை லேசாகத் தொட்டாலே திரும்பியது. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்திருப்பீர்கள்; எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் என்று காட்டுவார்கள். என் குதிரை அந்த நிலைக்கு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

முதல் குதிரைக்கு உடம்பில் திட்டுத்திட்டாக நிறம் உள்ளதைப் பிடியுங்கள். அது சாதுவானது. ஒரே நிறக் குதிரைகள் வலுவானவை, ஆனால் முரடு. பிடித்தவுடன் லாயத்துக்குக் கொண்டுபோய் 20 ரூப்பி கட்டிப் பதிவு செய்யுங்கள். அங்கே பணத்தின் பெயர் அதுதான். நம் ஊர்க் காசு போலவே காதில் விழும்.

மார்த்தாண்டம் அக்கா:
நீங்கள் எல்லோரும் பிள்ளைகள். நான் கல்லூரிக் காலத்தில், இணைய மையத்தில் மணிக்குக் காசு கொடுத்து ஹவ்ர்ஸ் விளையாடியவள். 2005-இல் பிரான்ஸில் தொடங்கிய விளையாட்டு அது. ஓட்டமெல்லாம் திரையில் தெரியாது. தீனி வைப்பது, தேய்ப்பது, தடவிக்கொடுப்பது, பயிற்சிக்கு அனுப்புவது, இரவில் தூங்க வைப்பது, எல்லாமே பொத்தான்தான்.

வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போடுவது போலக் குதிரைக்கு அள்ளி அள்ளி வைத்தேன். எவ்வளவு வைக்க வேண்டும் என்று அங்கேயே எண் எழுதியிருக்கும், நான் பார்த்தால்தானே! குதிரை பெருத்துவிட்டது.

அடுத்த தவறு இன்னும் பெரியது. தாக்குப்பிடித்தல், வேகம், ஒழுங்குநடை, நாலுகால் பாய்ச்சல், துள்ளுநடை, தாண்டுதல் என்று ஆறு திறன்கள். ஆறையும் சமமாக வளர்த்தேன், வஞ்சகமில்லாமல். ஒவ்வோர் இனத்துக்கும் மூன்று திறன்தான் உச்சம் தொடும். அந்த மூன்றை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் குதிரையின் அன்றைய நேரமும் தெம்பும் செலவாகும். ஆறு பக்கம் சிதறினால் எதிலும் வெல்லாது. பிளப் என்ற மதிப்பெண் 100 தொட, பயிற்சி முடிந்திருக்க வேண்டும், 20 போட்டி வென்றிருக்க வேண்டும், குதிரைக்குப் பத்து வயதும் ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு மாதம் வளரும் என்றால் 60 நாள். மையத்துக்குக் கட்டிய காசைக் கூட்டிப் பார்க்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

முட்டம் அலை:
சுருக்கமாக ஒன்று. குதிரை விளையாட்டு நாணயம் இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் என் தங்கையிடம் கடவுச்சொல்லைக் கேட்டார். கொடுத்துவிட்டாள். ஒன்றரை ஆண்டு வளர்த்த லாயம் ஒரே இரவில் காலி. பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வடசேரி மாமா:
அக்கா சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் இரண்டு வேலையைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று பழக்குவது, இன்னொன்று பயிற்சி கொடுப்பது. மைன்கிராஃப்டில் பழக்கலாம், ஆனால் எவ்வளவு ஓட்டினாலும் வேகம் ஒரு துளி கூடாது. வேகமும் தாண்டும் உயரமும் அதன் பிறப்போடு வந்தவை. ஜெல்டாவிலும் நம் சொல்லைக் கேட்பதுதான் வளரும். அக்காவின் விளையாட்டில்தான் பயிற்சிக்கு மதிப்பு. தெரியாமல் நானும் பையனும் ஒரு வாரம் எங்கள் பழுப்புக் குதிரையை மலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தோம், வேகம் கூடும் என்று.

இப்போது இன்னொரு குதிரையையும் பழக்கி, இரண்டுக்கும் தங்கக் கேரட் கொடுத்துக் குட்டி வாங்கியிருக்கிறோம். பெற்றவற்றைவிட வேகமாக வரலாம், வராமலும் போகலாம். கேரட்டுக்குப் பதில் நம் ஊர் மட்டி வாழைப்பழம் கொடுத்தால் என்ன என்று பையன் கேட்கிறான். குட்டிக்கு, காற்றாலைகள் நிறைந்த நம் ஊர் ஆரல்வாய்மொழியின் பெயரை வைத்திருக்கிறான். காற்று போல ஓடுமாம். நேற்று மாலை அது முதல் அடி எடுத்து வைக்கும்போது மின்சாரம் போய் இணையமும் போனது. செல்போனில் 4 சதவீதம்தான் இருந்தது. வேலி அடித்தோமா என்று இருவருக்கும் நினைவில்லை.