புதுப்பிப்பு: புதுக் கோய் குளத்தில் அமோனியா இறங்கிவிட்டது

கொல்லையில் கோய் (வண்ணக் கெண்டை மீன்) வளர்க்கக் கட்டிய புதுக் குளத்தில், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியா 1 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது அமோனியாவும், அதைப் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் இன்னொரு விஷமான நைட்ரைட்டும், இரண்டுமே பூஜ்யம்.

கைகொடுத்தது, நன்றாக ஓடும் பழைய குளத்தின் பில்டர் ஸ்பாஞ்சை வாங்கிப் போடச் சொன்ன யோசனைதான். அமோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் படிந்த பழுப்புச் சேற்றில்தான் இருக்கிறது; அதனால் ஸ்பாஞ்சை அலசாமல் அப்படியே வைத்தேன். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். அமோனியா இறங்க இறங்க நைட்ரைட் ஏறியது. அதற்கு 1000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் அயோடின் கலக்காத கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் தடுக்கும். தீனியையும் பாதியாக்கினேன்.

எதிர்பாராதது பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு). காலையில் 7.8, சாயங்காலம் 8.8! வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் இப்படி ஏறுகிறது. பிஎச் ஏறினால் அதே அளவு அமோனியா பல மடங்கு விஷமாகிவிடும். காலையில் மட்டும் சோதிப்பவர்கள் தயவுசெய்து சாயங்காலமும் ஒருமுறை பாருங்கள். பாதிக் குளத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டியபின் 8.2-ஐத் தாண்டவில்லை.