யாகுசா உடை: சினிமா அவர்களைப் பார்த்ததா, அவர்கள் சினிமாவைப் பார்த்தார்களா?

நிலவன்77:
ஒரு மாதமாக யாகுசா எனப்படும் ஜப்பானிய கேங்ஸ்டர்களைப் பற்றிய படங்களாகப் பார்த்து வருகிறேன். எல்லாவற்றிலும் கறுப்பு கோட் சூட், கறுப்புக் கண்ணாடி. சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருக்கும். தப்பு செய்தவன் சுண்டுவிரலை வெட்டித் துணியில் மடித்துத் தலைவர் முன்னால் வைக்கிறான். இதில் முக்கால்வாசி சினிமாக்காரர்கள் கட்டியது என்றுதான் நினைக்கிறேன். போலீசுக்குப் பயப்படுகிற ஆள், "நான்தான் ரவுடி" என்று உடையிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு திரிவானா?

கடலோடி:
அந்தக் கேள்வி திருடனுக்குப் பொருந்தும் நண்பரே, யாகுசாவுக்குப் பொருந்தாது. அவர்களுடைய தொழிலே மிரட்டல். மாமூல் வாங்க வருகிறவன் யார் என்று கடைக்காரருக்குப் பார்த்தவுடனே தெரிய வேண்டும், அப்போதுதான் வாய் திறக்காமலே காசு வரும். 1970, 80களில் பஞ்ச் பெர்ம் சுருட்டை முடி, பளபளக்கும் வெள்ளை ஷூ, தெருவை அடைக்கும் அமெரிக்க கார், கோட்டில் குத்திய கும்பல் சின்னம் என்று வெளிப்படையாகத்தான் இருந்தார்கள். ஆபீஸ் வாசலில் பெயர்ப்பலகை தொங்கியது. விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். விரல் வெட்டுவதும் கற்பனை இல்லை. சுண்டுவிரல் போனால் வாள் பிடி தளரும், பிறகு அவன் தலைவரையே நம்பி வாழ வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் பழைய காரணம். குடும்பச் சின்னம் போட்ட கிமோனோவில் உட்கார்ந்து சாக்கே என்ற அரிசி மதுக் கோப்பையை மாற்றிக்கொண்டு தலைவனைத் தகப்பனாக ஏற்கும் சடங்கும் நிஜம்.

நிலவன்77:
சடங்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வெள்ளை ஷூவுக்கும் படத்தில் வரும் மிடுக்கான கறுப்பு சூட்டுக்கும் எவ்வளவு தூரம்! சூட் போட்டு அழகாக்கியது கேமராதானே?

சுடர்விழி:
இல்லை. அந்தோ நொபொரு என்று ஒருவர் இருந்தார். 1950களில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் கும்பல் நடத்தியவர். ஆட்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. பச்சை குத்தக் கூடாது, விரல் வெட்டக் கூடாது, சூட் அணிய வேண்டும் என்பது அவர் போட்ட விதி. பழைய சூதாட்டக் கும்பல்களிலிருந்து தான் வேறு என்று காட்டிக்கொண்டார். 1958இல் ஒரு தொழிலதிபரைச் சுடச் சொன்ன வழக்கில் சிறை போனார், 1964இல் வெளியே வந்து கும்பலைக் கலைத்தார், 1965இல் தன் கதையிலேயே நாயகனாக நடித்தார்! கன்னத்தில் இருந்த கத்தி வெட்டுத் தழும்பு மேக்கப் இல்லை. அப்புறம் எத்தனையோ படங்கள். நிஜ ரவுடியே திரையில் ரவுடியாக நிற்கும்போது, எது அசல், எது நகல் என்று எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்?

அது ஒருவழிப் பாதையும் இல்லை. யாகுசா கும்பல்களிலேயே பெரியதான யமகுச்சி-குமியின் மூன்றாம் தலைவர் தாவோகா கசுவோவின் வாழ்க்கையை 1973இல் படமாக்கியபோது, அவராக நடித்தது தகாகுரா கென். ஒரு சூப்பர் ஸ்டார் முகத்தில் தன்னைப் பார்ப்பது எந்தத் தாதாவுக்குத்தான் பிடிக்காது?

ஒசாகாவாசி:
ஆறு வருடம் ஒசாகாவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் பேசுவது பழைய கதை. 1992இல் கும்பல் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011க்குள் எல்லா மாகாணங்களும், இவர்களுடன் வியாபாரமே வைக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்துவிட்டன. யாகுசா ஆள் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, வீடு வாடகைக்கு எடுப்பது கஷ்டம், உறுப்பினர் என்பதை மறைத்து கோல்ஃப் ஆடினாலே மோசடி வழக்கு வரலாம். விலகி வந்தாலும் பல இடங்களில் ஐந்து வருடம் இதே நிலைதான். இப்படி இருக்கும்போது சின்னத்தை யார் குத்திக்கொள்வார்கள்? 1963இல் சுமார் 1,84,000 பேர், 2024 இறுதியில் 18,800 பேர். பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கடல் அட்டையைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்ற வழக்குகளில் இவர்கள் பெயர் வருகிறது.

கடலோடி:
எண்ணிக்கை சரி. ஆனால் 2011 ஏப்ரலில் யமகுச்சி-குமியின் ஆறாம் தலைவர் சிறையிலிருந்து வந்து புல்லட் ரயிலில் கோபேக்குப் போன படத்தைத் தேடிப் பாருங்கள். தலையில் தொப்பி, சுற்றிலும் சூட் போட்ட ஆட்கள், நிருபர் கூட்டம். அப்படியே சினிமா. தலைவருக்கு இன்னும் அந்தத் தோரணை தேவைப்படுகிறது. மறைந்து வாழ வேண்டியது அடிமட்டத்தில் இருப்பவன்.

ஒசாகாவாசி:
அதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் வருடத்தில் ஒரு நாள் தெரிவதை வைத்து மற்ற நாட்களைச் சொல்ல முடியாது. டோக்கியோவின் அசாகுசா பகுதியில் நடக்கும் சாஞ்சா திருவிழாவில் முதுகுப் பச்சையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், மறுநாள் சட்டைக்குள் போய்விடும். அந்தப் பச்சையே மறைப்பதற்காகத்தான் அப்படி வரையப்படுகிறது. மணிக்கட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும், மார்பின் நடுவில் ஒரு பட்டை வெற்றாக விடப்படும். முன்பக்கம் திறந்து கிடந்தாலும் வெளியே தெரியாது.

வேலன்:
உடையை விடுங்கள். நடத்தை? படங்களில் காட்டும் மானம் மரியாதை பொய் இல்லை. 1995 கோபே நிலநடுக்கத்தில் அரசாங்கம் தடுமாறியபோது யமகுச்சி-குமி தண்ணீரும் உணவும் கொடுத்தது. சாதாரண ஜனங்கள் மேல் கை வைக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய பழைய நெறி.

சுடர்விழி:
வேலன் அண்ணா, கொடுத்தது உண்மை. ஆனால் "கை வைக்க மாட்டார்கள்" என்பதை என்னால் விட முடியாது. 1992 மே மாதம் இயக்குநர் இதாமி ஜூசோ ஒரு படம் வெளியிட்டார். ஹோட்டலை மிரட்டும் யாகுசாக்களை ஒரு பெண் வக்கீல் சட்டப்படி எதிர்த்து நிற்கும் கதை. அதில் அவர்கள் வீரர்கள் இல்லை, கத்திக் கூச்சல் போட்டுக் காசு பறிக்கிறவர்கள். படம் வந்து ஆறாவது நாள் ஐந்து பேர் அவரை மடக்கி முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். தங்களைப் பெருமையாகக் காட்டிய நூற்றுக்கணக்கான படங்களுக்கு வராத கோபம் அந்த ஒரு படத்துக்கு வந்தது. எந்தப் படம் உண்மைக்குப் பக்கத்தில் போனது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2007இல் நாகசாகி மேயரைச் சுட்டுக் கொன்றவன் யமகுச்சி-குமியின் கிளையைச் சேர்ந்தவன். கிதாக்யூஷூ நகரத்தின் குதோ-காய் என்ற யாகுசா கும்பலின் தலைவர், தனக்குச் செய்த அழகு சிகிச்சை பிடிக்காமல் ஒரு நர்ஸைக் கத்தியால் குத்தச் செய்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மற்ற வழக்குகளையும் சேர்த்து 2021இல் மரண தண்டனை, 2024இல் அது ஆயுளாகக் குறைந்தது. அந்த நர்ஸ் சாதாரண ஜனம் இல்லையா?

வேலன்:
நர்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அதைக் கேட்ட பிறகு நெறி என்று சொல்ல வாய் வரவில்லை. கோபேயில் சோறு வாங்கியவர்களின் நன்றியை மட்டும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நிலவன்77:
நானும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். உடையைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. அந்த உடைக்குள் ஒரு நல்ல மனிதனை வைத்ததுதான் சினிமா செய்தது. ஒசாகாவாசி, நீங்கள் நேரில் யாரையாவது பார்த்ததுண்டா?

ஒசாகாவாசி:
ஒரே ஒரு முறை. எங்கள் தெருவில் இருந்த பழைய பொதுக் குளியலறையில். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், முதுகில் கெண்டை மீன், நிறம் வெளுத்துத் தோலோடு சுருங்கியிருந்தது. குழாயைத் திருகும்போதுதான் இடது சுண்டுவிரல் பாதி இல்லை என்று கவனித்தேன். எழுந்து போகும்போது பக்கத்தில் இருந்த எனக்குத் தண்ணீர் தெறிக்காமல் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.