அப்பாவை ஹாஸ்பைஸில் காட்டச் சொல்கிறார் டாக்டர், வீட்டில் பயப்படுகிறார்கள்

கேள்வி

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டது. கீமோ போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் வலி அடங்கவில்லை. ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறார். நன்கொடையில் நடக்கும் ஒரு ஹாஸ்பைஸுக்கு (தீராத நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் இடம்) டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். சித்தப்பாவோ, "கைகழுவிட்டாங்கன்னு அர்த்தம், மார்ஃபின் கொடுத்து மயக்கத்துலயே போட்டுடுவாங்க" என்கிறார். அம்மா அதைக் கேட்டு அழுகிறார். அங்கே உண்மையில் என்ன செய்வார்கள்?

பதில் 1

எங்கள் அம்மாவை அவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். அங்கே போய்ப் படுக்கவே வேண்டியிருக்கவில்லை. தயங்காமல் பேசுங்கள்.

பதில் 2

நான் இப்படி ஓர் அறக்கட்டளை ஹாஸ்பைஸில் நர்ஸ். சித்தப்பா மேல் வருத்தப்படாதீர்கள், எங்களிடம் வருகிற பலரும் அதே பயத்தோடுதான் வருகிறார்கள்.

மார்ஃபின் கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்து. அதைக் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அப்படிக் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வலி வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். முதல் சில நாள் அசதியும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதனால் முதல் நாளே அதற்கும் மருந்து எழுதிவிடுவார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் எடுத்த எடுப்பிலேயே "வெளிக்குப் போனீங்களா ஐயா?" என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, அப்புறம் சமூகப் பணியாளராகி, அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் திறந்தார். உடம்பு வலியோடு பயம், பணக் கவலை, மனஸ்தாபம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய முழு வலி என்றார். அதனால்தான் எங்கள் குழுவில் டாக்டர், நர்ஸோடு ஆலோசகரும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். அம்மாவோடும் உட்கார்ந்து பேசுவார்கள், அவருக்கும் அது வேண்டும்.

ஒரு பெரியவருக்கு வாயோரத்தில் புண். வாடை தாங்காமல் கதவைச் சாத்தி, தனியாகவே படுத்திருந்தார். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினோம். சில நாளில் வாடை அடங்கியது. அடுத்த முறை போனபோது பேத்தி கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் வேலை என்னவென்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, கீமோவை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களை வைத்து 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தக் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டு, "இதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தாலே பலருக்கு நன்றாகக் குறையும். உங்கள் டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா. அப்பாவிடம் நோய் பரவியதை நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் போட்டு உடைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 2 எழுதியவர்

உடைக்க மாட்டார்கள்மா. "உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்று அவரிடமே கேட்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். இதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். பல அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்காகப் பேசாமல் இருப்பார்கள்.

போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் எடுத்துப் போங்கள். வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எப்படி உட்கார்ந்தால் குறைகிறது என்று இன்று ராத்திரியிலிருந்தே குறித்து வையுங்கள். ராத்திரி அவசரம் என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதையும் கேட்டு, அம்மாவின் போனில் பதிந்து கொடுங்கள்.