டயஜெடிக் மியூசிக்: ‘திரையுள் இசை’யா, ‘கதையக இசை’யா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

படத்தின் கதை உலகத்துக்குள்ளேயே ஒலிக்கும் இசையை ‘டயஜெடிக் மியூசிக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘திரையுள் இசை’ என்று முந்தைய மடலில் வந்த சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. காரணம், இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) என்ற ஜெர்மன் படம்.

அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. குழந்தைகளைக் கொல்பவன் நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ஒரு மெட்டைச் சீட்டியடிப்பான், அவ்வளவுதான். ஆள் திரையில் இருக்க மாட்டான், சீட்டி மட்டும் வரும். நமக்கு வயிற்றைப் பிசையும். பார்வையற்ற பலூன் வியாபாரி ஒருவர் அந்தச் சீட்டியை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்கிறார். திரையில் ஆளே இல்லாதபோது வரும் இந்தச் சீட்டியைத் ‘திரையுள்’ என்று எப்படிச் சொல்வது?

காரைக்குடியில் எங்கள் ஆயாவோடு (பாட்டி) ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) பார்த்தேன். குளியலறையில் ஒரு பெண் கொல்லப்படும் காட்சியில் வயலின்கள் கீச்சிட்டபோது ஆயா கேட்டார்: “இம்புட்டுச் சத்தம் அவளுக்குக் கேக்கலையா?” நமக்குத் தேவையான வரையறையே இந்தக் கேள்விதான். கதைமாந்தர் காதிலும் விழுந்தால் ஒரு வகை, நம் காதில் மட்டும் விழுந்தால் இன்னொரு வகை. ஒலி எங்கிருந்து வருகிறது என்பது திரையில் தெரிய வேண்டும் என்றில்லை.

அதனால் என் பரிந்துரை ‘கதையக இசை’. எங்கள் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முகப்பில் உட்கார்ந்திருந்தால் உள்ளே இரண்டாம் கட்டில் (வீட்டின் உட்பகுதியில்) உலக்கை போடும் சத்தம் கேட்கும். ஆள் தெரியாது, ஆனாலும் அது அந்த வீட்டுச் சத்தம். அகம் என்றால் உள், வீடு என்ற இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. நூலகம், உணவகம் போலக் கடைப்பெயராக ஒலிக்கிறது என்று சிலர் சொல்லலாம். ‘கதையகம்’ என்று தனியே நின்றால் அந்தக் குழப்பம் வரும். ‘கதையக இசை’, ‘கதையக ஒலி’ என்னும்போது வராது.

மறுபக்கத்துக்கு, அதாவது நம் காதில் மட்டும் விழும் இசைக்கு, ‘பின்னணி இசை’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சரி. பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்தான் கைக்கு வரும். ஆனால் கதையில் ஓடும் ரேடியோவும் காட்சிக்குப் பின்னணியாக நிற்கலாமே. நுணுக்கமாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் ‘கதைப்புற இசை’ என்போம்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கதைக்குள் ரேடியோவில் தொடங்கும் பாட்டு, காட்சி மாறிய பின்னும் பின்னணியாக ஓடுகிறதே, அந்த நகர்வுக்கு என்ன சொல்? ‘நழுவிசை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.